தெருவழகு யாருக்கு?

‘மன்னார்குடி மதிலழகு, திருவாரூர் தேரழகு, திருவிடைமருதூர் தெருவழகு’ என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. மதிலையும் தேரையும் பற்றிப் பேச ஆட்கள் இருக்கிறார்கள். நான் தெருவைப் பற்றிப் பேச வேண்டும். ஏனென்றால் தெருவில் நடப்பதற்கே எங்கள் சனத்துக்குச் சட்டசபைத் தீர்மானம் தேவைப்பட்டது.

திருவிடைமருதூருக்கு நடந்து போகிற தூரத்தில், வயலுக்கு நடுவில் எங்கள் சேரி. என் அப்பாயி சொல்லும்: “நாங்க சின்னப்புள்ளையா இருக்கையில ஊருத்தெருவுக்குள்ள போறதில்லடா. கொல்லப்பக்கமா சுத்தித்தான் போவணும். தெருவு அழகு, திண்ணை அழகுங்கறானுவ. நாங்க பாத்ததெல்லாம் வீட்டோட பின்பக்கந்தான்.”

அப்பாயி சொன்னதை நான் நகரமைப்பின் வரலாறாகவே படிக்கிறேன். நகரமைப்பு விதி வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். 11-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், இராசராசன் காலத்தில், ஒவ்வொரு ஊரிலும் வரி விதிக்கப்படாத நிலங்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊர்நத்தம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, குளம், சுடுகாடு என்று போகிறது பட்டியல். சில ஊர்களில் ‘தீண்டாச்சேரி’ என்றே இருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று அளந்து பிரித்துக் கல்லில் வெட்டிய திட்டம் அது. ஆயிரம் வருசமாக அந்தத் திட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை.

1914-இல் பேட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்துக்கு வந்தார். நம் கோயில் நகரங்களின் அமைப்பைக் கண்டு வியந்தவர் அவர். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேரான சாலை போடும் யோசனையை எதிர்த்து, 1915 அறிக்கையில் வேறு வழி சொன்னார்: பாழடைந்ததை மட்டும் எடு, அங்கங்கே கொஞ்சம் வெளி உண்டாக்கு, மரம் வை, குடியிருப்பவனைக் கிளப்பாதே. இன்றைக்கும் நல்ல யோசனைதான். ஆனால் அந்த நியாயம் கோட்டைக்குள் இருந்த வீடுகளோடு நின்றுபோனது. ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட சேரி வரை அது வந்து சேரவே இல்லை.

1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. தெரு எப்படி இருக்க வேண்டும், கட்டடம் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் திட்டம் போட வழி பிறந்தது. அந்தத் தெருவில் யார் நடக்கலாம்? அது நகரமைப்பின் கேள்வியாகவே எவனுக்கும் படவில்லை. நான்கு வருசம் கழித்து, 1924-இல், சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், சந்தை, அரசு அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்பது தீர்மானம். அது நிறைவேறி அதே வருசம் அரசாணையும் ஆனது. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் முதல் நகரமைப்பு விதி இதுதான். நகரமைப்பு படிக்கிற மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தது. இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது அப்போதைய வழக்கம். 2000-இல் கண்ணகி நகர் தொடங்கி அந்த வழக்கம் மாறிப்போனது. 2019 நவம்பரில் சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடப்பவர்களுக்கென்று அகலமான நடைபாதை வளாகம் திறந்தார்கள். நல்லது, நடக்கட்டும். அடுத்த மாதமே, கூவம் சீரமைப்பு என்று சொல்லி, சென்ட்ரலுக்கு அருகில் சத்தியவாணி முத்து நகரில் வீடுகளை இடித்தார்கள். படிப்பு வருசத்தின் நடுவில் பிள்ளைகளோடு பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். ஏறக்குறைய 25 கிலோமீட்டர். தலித் தலைவி ஒருவரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது. ஊருக்கு வெளியே சேரி என்பது நகரத்துக்கு வெளியே மறுகுடியமர்வு என்று பெயர் மாற்றிக்கொண்டது.

நம் ஊருக்கு வருவோம். சில வருசங்களுக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் திட்ட வரைபடம் ஒட்டியிருந்தார்கள். குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை. பெரிய தெருக்களெல்லாம் பளிச்சென்று மஞ்சளில். எங்கள் சேரியைத் தேடினோம். பச்சையில் கிடந்தது. ஒரு வீடுகூட இல்லை. “சார், எங்க தெருவு எங்க?” என்று கேட்டேன். “பழைய கணக்குல வயல்னுதாம்பா இருக்கு” என்றார் அங்கிருந்தவர். என்கூட வந்த பெரியவர் சிரித்துவிட்டார். “நாலு தலைமொறையா வயல்லதான் கெடந்தோம். அதான் நம்மளையும் நெல்லுன்னு நெனச்சிட்டானுவ.”

சிரிக்கிற விசயமில்லை. பச்சையில் இருந்தால் மாடி எடுக்க அனுமதி இல்லை, அனுமதி இல்லாவிட்டால் வங்கிக் கடன் இல்லை. நாளைக்குப் புறவழிச்சாலை வந்தால் இடிப்பதற்கும் அங்கே வீடு ‘இல்லை’.

அன்றே மனு எழுதிக் கொடுத்தோம். மூன்று கேட்டிருக்கிறோம். எங்கள் சேரியை வரைபடத்தில் குடியிருப்பாகக் காட்ட வேண்டும். யாரையும் கிளப்பாமல், இருக்கிற இடத்தில் சாலை, சாக்கடை, விளக்கு வேண்டும். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வரப்பில் வழுக்கி விழாமல் சுடுகாட்டுக்கு ஒரு பாதை வேண்டும். ஒவ்வொரு சேரியிலிருந்தும் தோழர்கள் இப்படிப் போய் அந்த வரைபடத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் தெருவு எந்த நிறத்தில் இருக்கிறதென்று கேளுங்கள்.