முரளி: தேயிலை மலைக்கும் மாங்குளத்துக்கும் இடையில்

முத்தையா முரளிதரனைப் பற்றி எழுதுவோர் எண்களில் தொடங்குவதே வழக்கம். 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள், ஒருநாள் போட்டிகளில் 534. பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் மாலை நேரங்களில் நான் கிரிக்கெட் பழக்கும் பிள்ளைகளுக்கு இவை மனப்பாடம். ஆனால் முரளியின் பாட்டனார் தங்களுடைய பாட்டனார்களைப் போலவே கடல் கடந்து தேயிலை மலைக்கு வேலைக்கு வந்தவர் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தவர். பிற்காலத்தில் அவர் மகள்மாரோடு திருச்சிக்குத் திரும்பிவிட்டார். முரளியின் தந்தை முத்தையாவும் சகோதரர்களும் இங்கேயே தங்கி, கண்டிக்கு அருகே குண்டசாலையில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார்கள். ஒரு குடும்பம் கொழுந்துக் கூடையிலிருந்து வெளியே வர ஒரு தலைமுறையும் ஒரு தொழிலும் தேவைப்பட்டிருக்கின்றன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைக்கணக்காகப் பிரிக்கப்பட்ட பெரும்பாலானோருக்கு அந்த வழி கிடைக்கவில்லை.

வெளியே வந்தவர்களையும் கலவரம் தேடிப் போனது. 1977 ஓகஸ்ட் வன்செயலில் முத்தையா வெட்டுக்காயம் பட்டார். தொழிற்சாலை எரிக்கப்பட்டது. அயலில் இருந்த சிங்களவர்கள் காப்பாற்றியதாலேயே குடும்பம் உயிர் தப்பியது என்று முரளி பல தடவை சொல்லியிருக்கிறார். அதே 1977க்குப் பிறகுதான் மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் அந்தக் குடும்பங்களும் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

1972 ஏப்ரல் 17இல் பிறந்த முரளி, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். முதலில் அவர் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதில் பாடசாலைப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, சுழற்பந்து போட்டுப் பார் என்றார். முரளியின் வாழ்க்கை திரும்பிய இடம் அதுதான் என்பேன். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை, எந்தப் பக்கமும் வளையும் மணிக்கட்டு இரண்டும் அவரிடம் ஏற்கனவே இருந்தன. அவற்றால் என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் அங்கே இருந்தார். 1992இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக கெத்தாராமவில் முதல் டெஸ்ட். 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார், பந்தை எறிகிறார் என்று கூறித் திரும்பத் திரும்ப நோ-போல் கொடுத்தார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் கையைக் கருவிகளால் அளந்தார்கள். பின்னர் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை கை நிமிரலாம் என்று விதியே மாறியது. 2010 ஜூலை 22, காலி மைதானத்தில் 800ஆவது விக்கெட். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட் பந்து.

எங்கள் மாவட்டத்து ஆள் என்பதால் ஒரு திகதியைத் தாண்டிப் போக முடியவில்லை. 2000 ஒக்டோபர் 25 காலை, பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்து வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கும்பலால் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். பொலிஸார் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, 27ஆம் திகதி, சார்ஜாவில் இந்தியாவுக்கு எதிராக முரளி 30 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். அன்றைக்கு ஒருநாள் போட்டிகளில் அது உலக சாதனை. மலையக நகரங்கள் பதற்றத்தில் இருந்தன. லயத்தில் ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்து அந்த வர்ணனையைக் கேட்டோம். வெளியே போகப் பயம், உள்ளே அந்த ஏழு விக்கெட். சந்தோஷப்பட்டோம் என்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். முகாம் வழக்கில் எஞ்சியிருந்த குற்றவாளிகளையும் 2005இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது.

ஓய்வுக்குப் பின் முரளி பயிற்றுநரானார். 2014இல் வங்காள கிரிக்கெட் சங்கத்தின் இளைஞர்களைப் பழக்கினார். அதே வருடம் அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு ஆலோசகர். கூட்டம் கூடி ‘நோ-போல்’ என்று கத்திய நாடு, சம்பளம் கொடுத்து அவரையே கூப்பிட்டது. 2015இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியின் பந்துவீச்சுப் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். மறு வருடமே அந்த அணி கிண்ணம் வென்றது.

சமூகப் பணி என்று பார்த்தால் முதலில் வருவது சீனிகம. காலி வீதியில் ஹிக்கடுவைக்கு அருகிலுள்ள அந்தக் கரையோரக் கிராமத்தில் முரளியின் முகாமையாளர் குஷில் குணசேகர நடத்தும் நற்பணி மன்றத்தில் முரளியும் சேர்ந்து உழைத்தார். 2004 டிசம்பர் 26 காலை அங்கே பிள்ளைகளுக்கான நிகழ்வு ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். சுமார் இருபது நிமிடம் பிந்தியதால் அலைக்குத் தப்பினார். அடுத்த நாட்களில் உலக உணவுத் திட்டத்தின் லொறிகளோடு வடக்கு, கிழக்குக்குப் போனார். கூடப்போன குமார் சங்கக்கார 2011இல் லோர்ட்ஸில் ஆற்றிய உரையில் அந்தப் பயணத்தை நினைவுகூர்ந்தார்: இராணுவம் நடத்திய முகாம்களுக்கும் புலிகள் நடத்திய முகாம்களுக்கும் அவர்கள் போயிருக்கிறார்கள். இரு தரப்பும் சேர்ந்து நடத்திய முகாம்களும் இருந்தனவாம். இன்று கேட்க ஆச்சரியமாக இருக்கும். பிறகு மன்றத்தின் வழியாகக் கரையோரக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழும்பின.

போர் முடிந்தபின் இந்த வேலை வடக்குக்குத் திரும்பியது. மாங்குளம், ஒட்டுசுட்டான் பகுதிகளில் விளையாட்டு, கல்வித் திட்டங்கள் தொடங்கின. 2012இல் முரளி கிண்ணம் என்ற பாடசாலை கிரிக்கெட் போட்டி வடக்கு மைதானங்களில் நடந்தது. தெற்குப் பாடசாலைப் பிள்ளைகளும் போய் விளையாடினார்கள், பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். 2013 நவம்பரில் இதே மன்றத்துக்குப் பணம் திரட்ட இயன் பொத்தம் வடக்கிலிருந்து சீனிகம வரை 160 மைல் நடந்தார்.

அதே மாதம்தான் பிரச்சினையும் வெடித்தது. பொதுநலவாய மாநாட்டுக்கு வந்து யாழ்ப்பாணம் போன பிரித்தானியப் பிரதமர் கமரூன் தவறாக வழிநடத்தப்பட்டிருக்கிறார் என்று முரளி சொன்னார். 2019இல் கோட்டாபய ராஜபக்சவின் ஆதரவாளர் கூட்டத்தில், 2009தான் தன் வாழ்வில் மிக மகிழ்ச்சியான காலம் என்ற பொருளில் பேசினார். மறு வருடம் அவருடைய வாழ்க்கைப் படமான ‘800’இல் விஜய் சேதுபதி நடிப்பதாக அறிவிப்பு வந்ததும் தமிழ்நாட்டிலும் வடக்கிலும் எதிர்ப்புக் கிளம்பி, முரளியே கேட்டுக்கொண்டபடி நடிகர் விலகினார். பொதுமக்கள் கொல்லப்பட்டதை ஒருநாளும் ஆதரிக்கவில்லை, இரு பக்கமும் உயிரிழப்பு நின்றதையே சொன்னேன் என்று முரளி விளக்கம் கொடுத்தார். படம் 2023 ஒக்டோபரில் வேறு நடிகரோடு வெளிவந்தது.

அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய் அந்த வருடத்தைப் பற்றி ‘மகிழ்ச்சி’ என்ற சொல்லை எந்த அர்த்தத்தில் கேட்பாள் என்று, எத்தனையோ தடவை வன்னிக்குப் போய்வந்த மனிதருக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. ஆனால் அந்த வாரங்களில் எழுதப்பட்டவற்றில் ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லையும் நான் வாசித்தேன். பேச்சுக்காக ஒருவரைக் கண்டிக்கலாம். அவர் பாட்டன் கொழுந்துக் காட்டுக்கு வந்தவன் என்பதற்காக, எங்கள் வலி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பது வேறு. வெட்டுப்பட்ட தகப்பனைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியும். வன்னியில் புதைக்கப்பட்ட மலையகத்தாருக்கும் தெரிந்திருந்தது.

என்னுடைய ஆதங்கம் வேறு. சீனிகமவுக்கும் மாங்குளத்துக்கும் முரளியின் பெயரால் மைதானமும் பயிற்றுநரும் போனதுபோல் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் வரவில்லை. பிரட்டுக்களத்தில் டென்னிஸ் பந்தில்தான் ஆட்டம். மாலைக் கொழுந்து நிறுவை நேரம் வந்தால் இடத்தை விட வேண்டும். ஓங்கி அடித்தால் பந்து தேயிலைக்குள் விழும், தூருக்குத் தூர் தேட வேண்டும். ஆகவே எங்கள் பையன்கள் தாழ்வாக அடிக்கப் பழகுகிறார்கள். கல்லும் புல்லுமான தரையில் பந்து தானாகவே திரும்புவதால் யாருக்கு உண்மையில் சுழற்ற வருகிறது என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். இந்த வருடம் ஒருவனுக்கு வருகிறது என்று நினைக்கிறேன், மணிக்கட்டு நன்றாக வளைகிறது. வயது பதின்மூன்று. தோல் பந்தும் பாய் விரித்த பயிற்சி வலையும் பதுளை நகரத்தில்தான். பயிற்சி முடியும் நேரத்துக்குத் தோட்டத்துப் பக்கம் திரும்பி வர பஸ் இல்லை.