ஓடு மாற்ற யாரிடம் கேட்பது? காலிக் கோட்டை வீடுகளும் அவற்றின் சட்டங்களும்



கோட்டைக்குள் இருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது பேச்சு வீட்டைப் பற்றியதாகத்தான் இருக்கும். கூரை ஒழுகுகிறது, சுவர் உப்புப் பூத்திருக்கிறது, கை வைக்கப் போனால் மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, தொல்பொருள் திணைக்களம், காலி மரபுரிமை மன்றம் என்று கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. "எங்கட வீட்டுல நாங்க கை வைக்க இவங்க யாரு?" என்று கேட்காத குடும்பம் குறைவு. கோபம் நியாயமானதுதான். ஆனால் 1988இல் யுனெஸ்கோ நம் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் இந்தத் தொல்லை தொடங்கியது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். இந்த மதிலுக்குள் யாருக்கும் தன் வீடு முழுக்கத் தன்னுடையதாக இருந்த காலம் ஒன்று இருந்ததாக நமக்குத் தெரியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம், நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

1640 மார்ச்சில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைப் பிடித்தார்கள். நாம் இன்று நடக்கும் வீதிகள் அவர்கள் இழுத்த கோடுகள். வீடுகள் வரிசையாக, ஒன்றின் சுவரில் மற்றது சாய்ந்து நிற்கின்றன. வீதிப் பக்கம் தூண்களோடு இஸ்தோப்பு, உள்ளே நடுமுற்றம். இஸ்தோப்பு என்ற சொல்லே அவர்களுடையது. நிலத்தடியில் செங்கல் கட்டிய வடிகான்கள் போட்டு, கடல் ஏறும்போது நீர் உள்ளே புகுந்து, வற்றும்போது அழுக்கை இழுத்துக்கொண்டு போகும்படி அமைத்தார்கள். கக்கூஸ் என்ற சொல்லும் ஒல்லாந்து மொழியிலிருந்தே வந்ததென்று சொல்வார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள், ஆனால் பாடம் மறக்காது.

அப்படி ஒரு வடிகான் ஓட வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலில் அதை அடைக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒருவர் குப்பை கொட்டினால் மேட்டிலிருக்கும் நாலு வீட்டுக்கும் நாற்றம். இதுதான் நம் ஊரின் முதலாவது பராமரிப்பு விதி. ஏட்டில் இருந்ததோ இல்லையோ, ஊர் அமைப்பிலேயே இருந்தது.

அந்தக் காலத்தில் நமக்கு இருந்த பிரச்சினை வேறு. கொழும்பில் கோட்டையிலும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடு வளவு வாங்குவதை ஒல்லாந்தர் தடுத்து வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் வந்த பிறகும் அது தொடர்ந்து, 1832இல்தான் நீக்கப்பட்டது. வீட்டை எப்படி வைத்திருப்பது என்று கேட்பதற்கு முன்னால் வீடு வைத்திருக்கலாமா என்பதே கேள்வி. இங்கே காலியில் இன்றைய பெட்லர் வீதிக்கு ஒல்லாந்தர் வைத்த பெயர் சோனக நடைவியாபாரிகளின் வீதி என்ற பொருளுடையது. நம்மவரை வைத்தே ஒரு தெருவுக்குப் பெயர் வந்த ஊர் இது.

வடிகான் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டு வந்த, 1409ஆம் ஆண்டு திகதியிட்ட கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் எழுதப்பட்டது. 1911இல் அது கோட்டைக்கு வெளியே கிரிப்ஸ் வீதித் திருப்பத்தருகே ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. நம் ஊரில் எந்தச் சிலாப்பையும் புரட்டிப் பார்க்காமல் உடைக்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

ஆங்கிலேயர் 1796இல் வந்தார்கள். நாம் இன்றும் நோட்டீசில் பார்க்கும் சட்ட மொழி அவர்கள் காலத்தில் பிறந்தது. 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச்சட்டம் வீட்டையும் வளவையும் கானையும் அசுத்தமாக வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1865இல் மாநகர சபைகளுக்கான சட்டம் வந்தது. சோலைவரி, தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாம் அந்த வழியில் வந்தவை. 1914இல் கொழும்பில் பிளேக் பரவியது. அடுத்த வருடமே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டம், 1915இன் 19ஆம் இலக்கம், நிறைவேறியது. நாம் இன்றும் வரைபடம் கொடுத்து அனுமதி எடுப்பது, வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் வாங்காமல் குடியேறக் கூடாது என்பது, எல்லையிலிருந்து 63½ பாகையில் இழுத்த கோட்டுக்கு மேலே கட்டடம் எழும்பக் கூடாது என்பது, எல்லாம் அதிலிருந்து வந்தவை. அந்தப் பாகைக் கணக்கு வெளிச்சமும் காற்றும் பக்கத்து வீட்டுக்கும் போக வேண்டும் என்பதற்காக. நோய் பயத்தில் எழுதிய சட்டம் நூறு வருடத்துக்கு மேலாக நம் கூரையை அளந்துகொண்டிருக்கிறது. 2007இன் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டமும் அந்தப் பயத்தின் பிள்ளைதான். சிரட்டை, டயர், தண்ணீர் தேங்கும் பாத்திரம் என்று பி.எச்.ஐ. மஹத்தயா எட்டிப் பார்க்கும்போது முகம் சுளிக்க வேண்டாம். டெங்கு நம் ஊர்ப் பிள்ளைகளையும் கொண்டு போயிருக்கிறது.

இதற்கிடையில் ஊரின் தலையெழுத்தே மாறியது. 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நட்டார்கள், 1885இல் அது முடிந்தது. கப்பல்கள் அங்கே போயின. அதன் பிறகு கோட்டையிலிருந்த பறங்கிக் குடும்பங்கள் பல படிப்படியாக வெளியேற, மாணிக்க வியாபாரமும் கடையும் வைத்திருந்த நம்மவர்கள் அந்த வீடுகளை வாங்கினார்கள். 1892இல் பஹ்ஜதுல் இப்ராஹிமிய்யா அரபுக் கல்லூரி எழுந்தது, 1904இல் வெளிச்ச வீட்டருகே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். பெரிய வீடுகள், ஆனால் துறைமுகம் போய்விட்ட ஊரில் பெரிய வருமானம் இல்லை. உடைத்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இருக்கவில்லை. அதனால்தான் அந்த வீடுகள் மிஞ்சின. மரபுரிமை நிபுணர்கள் வியந்து பார்க்கும் முகப்புகளைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு நம் முன்னோரின் கஷ்டத்துக்கும், பெருநாள் வந்தால் தவறாமல் சுண்ணாம்படித்த பழக்கத்துக்கும் உரியது என்பது நம் அபிப்பிராயம். எந்தப் பெயர்ப்பலகையிலும் இதை எழுதியிருப்பதை நாம் காணவில்லை.

1940இல் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம் வந்தது. அது 1815 மார்ச் 2க்கு, அதாவது கண்டி ஒப்பந்த நாளுக்கு, முற்பட்டவற்றைப் பழைமையானவை என்று கணக்கெடுக்கிறது. நம் வீடுகளில் சுவர் ஒல்லாந்தர் காலம், முகப்பு ஆங்கிலேயர் காலம், சமையலறை மூத்தாப்பா கட்டியது என்று கலந்து கிடக்கும். எந்தப் பகுதிக்கு எந்தச் சட்டம் என்று தெரியாமல் தடுமாறுவது அதனால்தான். பிறகு 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை, 1994இல் தனிச் சட்டத்தின் கீழ் காலி மரபுரிமை மன்றம்.

இந்த விதிகளில் வீண் பிடிவாதம் போலத் தெரியும் சிலவற்றுக்கு உண்மையான காரணம் உண்டு. சீமெந்து பூசாதே, சுண்ணாம்பு பூசு என்கிறார்கள். நம் சுவர்கள் முருகைக்கல்லும் கபொக்கும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அவை ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, கடல் உப்பு பொங்கி, இரண்டு மாரிக்குள் பூச்சு பாளம் பாளமாக விழும். அரைவட்ட ஓட்டைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீட் போட்டவர்கள் வீட்டுக்குள் பகலில் இருக்க முடியாமல் விசிறி வாங்கியதையும் பார்த்திருக்கிறோம். இரண்டு வீட்டுக் கூரை சந்திக்கும் இடத்திலுள்ள பீலி அடைபட்டால் ஊறுவது அடைத்தவரின் சுவர் மட்டுமல்ல.

குறை எங்கே என்றால், எப்படி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் எதைக் கொண்டு வைத்திருப்பது என்று சொல்வதில்லை. மரத்துக்கும் ஓட்டுக்கும் சுண்ணாம்பு வேலை தெரிந்த பாசுக்கும் ஆகும் செலவு சாதாரண வீட்டுக்குரியதல்ல. நெதர்லாந்து அரசின் உதவியில் சில தனியார் வீடுகள் திருத்தப்பட்டன. அது ஒருமுறை வந்த உதவி, மழையோ வருடா வருடம் வருகிறது. 2002இல் வெளிநாட்டவர் காணி வாங்குவதற்கான நூறு வீத வரியை அரசு நீக்கியபோது கோட்டைக்குள் விலை எங்கோ போனது. 2004இல் வரி திரும்பி வந்தது, விற்ற வீடுகள் திரும்பவில்லை. விற்றவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஒழுகும் கூரைக்குக் கீழே உம்மாவைப் படுக்க வைத்துக்கொண்டு மரபுரிமை பேச முடியாது.

ஆனால் விற்பனைக்குப் பல வீடுகளில் காரணம் கூரை மட்டுமல்ல, உறுதி. ஒரு கணக்குப் பாருங்கள். வீட்டுக்காரர் மனைவியையும் மூன்று ஆண் மக்களையும் இரண்டு பெண் மக்களையும் விட்டு மௌத்தாகிறார். 1931இன் முஸ்லிம் மரணசாதனமில்லா வாரிசுரிமைக் கட்டளைச்சட்டம் நம் ஷரீஅத்தின்படியே பிரிக்கச் சொல்கிறது. வீட்டை 64 பங்காக்கினால் மனைவிக்கு 8, ஒவ்வொரு மகனுக்கும் 14, ஒவ்வொரு மகளுக்கும் 7. இதில் ஒரு சிக்கலும் இல்லை. பங்கை எழுதி முடிக்காமல் அப்படியே விட்டு, அடுத்த தலைமுறையும் மௌத்தாகும்போதுதான் சிக்கல். ஒருவர் தெஹிவளையில், ஒருவர் கட்டாரில், வீட்டில் இருப்பவர் மூத்த ராத்தா. ஓடு மாற்ற யார் கையெழுத்துப் போடுவது? இருப்பவர் செலவழித்தால் அது அவர் பங்கில் கூடுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாததால் யாரும் கூரையில் ஏறுவதில்லை. பிறகு ஒரே ஒரு பங்காளி 1977இன் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால் போதும், நீதிமன்றம் வீட்டை விற்கவே உத்தரவிடலாம். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் யுனெஸ்கோவும் செய்யாததை நம் மௌனம் செய்துவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். பங்கு வீடு வைத்திருப்பவர்கள் பெருநாளுக்கு எல்லோரும் கூடும்போது, யார் பொறுப்பு, வாடகை வந்தால் எவ்வளவு கூரைக்கு ஒதுக்குவது என்று நொத்தாரிசைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெட்டகத்தில் கிடக்கும் பழைய உறுதிகள், சோலைவரிப் பற்றுச்சீட்டுகள், சபையிலிருந்து வந்த நோட்டீசுகள் எதையும் வீசிவிடாதீர்கள். எந்த வீட்டில் எந்த வருடம் யார் இருந்தார்கள் என்பதற்கு அவையே சாட்சி. எங்களிடம் காட்டினால் படியெடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.