சுமை யார் தலையில்?

ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையை விடியற்காலையில் பார்க்க வேண்டும். முருங்கைக்காய்க் கட்டுகளும் தக்காளிப் பெட்டிகளும் குவிந்து கிடக்க, கேரளத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நிற்கும். பழனிக்குப் போகும் வழியில் பஸ்ஸைத் தவறவிட்டு, ஒருமுறை அங்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அப்போது ஒரு மண்டி வாசலில் சச்சரவு. வெங்காய மூட்டை ஒன்று கணக்கில் குறைகிறதாம். வியாபாரி, சுமை தூக்கும் பெரியவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எடுக்கலேன்னா அதை ருசுப்படுத்து, பார்க்கலாம்!" என்று அதட்டினார்.

பெரியவர் பதறவில்லை. சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறி, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எடுத்திருந்தா மூட்டையைக் காட்டலாமுங்க. எடுக்காததுக்கு எதைக் கொண்டாந்து காட்டறதுங்க, மொதலாளி?"

சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்த்திராத அந்த மனிதர், சட்டத்தின் அஸ்திவாரக் கல் ஒன்றின்மேல் நின்று பேசினார். வக்கீல்கள் 'பர்டன் ஆப் புரூப்' என்று சொல்கிறார்களே, அது இதுதான். தமிழில் 'மெய்ப்பிக்கும் சுமை' என்கிறோம். சுமை என்ற சொல் எவ்வளவு பொருத்தம்! வழக்கும் ஒரு மூட்டைதான். அதை யார் தலையில் ஏற்றுவது என்பதே முதல் கேள்வி.

இது வெள்ளைக்காரர் கப்பலில் வந்த சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் ஒரு வழக்கு வருகிறது. சுந்தரரின் திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் நுழைந்து, "இவன் எனக்கு அடிமை" என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. "நீ அடிமையில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று சபையார் சுந்தரரைக் கேட்கவில்லை. அடிமை என்று சொன்ன முதியவரைத்தான் கேட்டார்கள். அனுபவ பாத்தியதை உண்டா, ஓலை உண்டா, கண்ட சாட்சி உண்டா என்றார்கள். மூல ஓலை வந்தது. பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். வந்தவர் சாட்சாத் சிவபெருமான் என்பது கதை. தெய்வமே வாதியாக வந்தாலும் சுமை வாதியின் தலையில்தான்!

ரோமாபுரிச் சட்ட நிபுணர் பவுலஸும் இதையேதான் சொன்னார்: மெய்ப்பிக்க வேண்டியவன் உண்டு என்பவன், இல்லை என்பவன் அல்ல. 1872ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டம் அதை 101ஆம் பிரிவாக்கியது. அடுத்த பிரிவு ஓர் எளிய சோதனையையும் தந்தது. இரு தரப்பிலும் ஒரு சாட்சியமும் வராவிட்டால் யார் தோற்பாரோ, சுமை அவருடையது. விதிவிலக்கும் உண்டு. ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்ததாகக் குற்றம் சாட்டினால், டிக்கெட் இருந்தது என்று பிரயாணிதான் காட்ட வேண்டும். இது சட்டமே சொல்லும் உதாரணம். நியாயம்தானே? டிக்கெட் இருப்பது அவர் சட்டைப் பையில் அல்லவா!

இந்தச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற சட்ட மெம்பர். அவர் அந்தப் பதவியில் இருந்தபோதே, ஒரு வருஷம் முன்னதாக, 1871இல் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. அதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு கூட்டத்தார் குற்றத் தொழில் உடையவர்கள் என்று சர்க்கார் நம்பினால் போதும். பிறந்த குழந்தைக்கும் அந்த முத்திரை உண்டு. இரண்டு சட்டங்களும் ஒரே சர்க்காரின் பிள்ளைகள். ஒன்று சுமையைக் குற்றம் சாட்டுகிறவன் தலையில் வைத்தது. மற்றது பிறந்தவன் தலையிலேயே வைத்துவிட்டது.

1911இல் அந்தச் சட்டம் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை ராஜதானிக்கும் வந்தது. சர்க்காரின் அறிவிப்பு சரியா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக்கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. திண்டுக்கல் சீமையும் அடங்கியிருந்த அன்றைய மதுரை ஜில்லாவில், பிரமலைக் கள்ளர் சமூகத்தார் பெயரைப் பதிந்து, கைரேகை வைத்து, வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டியதாயிற்று. உழுது பிழைத்தவரும் அதற்குத் தப்பவில்லை. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீசார் சுட்டதில் 16 பேர் மாண்டனர். அவர்களில் மாயக்காள் என்ற பெண்மணியும் ஒருவர். அந்த மக்களுக்காக வாதாடினார் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். 'ரோசாப்பூ துரை' என்று அவர்கள் அன்போடு அழைத்தது அவரைத்தான்.

சென்னை ராஜதானியில் அந்தச் சட்டம் 1947இல் ரத்தாயிற்று. நாடு முழுவதும் 1952இல். சாட்சியச் சட்டமும் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் என்று பெயர் மாறிவிட்டது. பிரிவு எண்கள் மாறினவே தவிர, சுமையைப் பற்றிய விதி மாறவில்லை. ஆனால் போதைப்பொருள் வழக்குகளிலும் பணமோசடி வழக்குகளிலும் சுமையின் ஒரு பகுதியைக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் தலைக்கு மாற்றுகிற தனிச் சட்டங்கள் உண்டு. ரகசியக் குற்றத்துக்கு வேறு வழியில்லை என்பார்கள். இருக்கலாம். ஆனால் கேட்கப்படுவது அவர் பையில் இருக்கும் டிக்கெட்டா, அல்லது எடுக்காத மூட்டையா என்று ஒவ்வொரு தடவையும் நாம் விசாரித்துக்கொள்ள வேண்டும். முன்னதை எவனும் காட்டலாம். பின்னதை எவனாலும் காட்ட முடியாது.

அந்த வெங்காய மூட்டை கிடைத்ததா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது, பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். பெரியவர் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த மூட்டைக்குத் தலை கொடுத்துக்கொண்டிருந்தார். வியாபாரி தம் கணக்கு நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தார்.