காவிரிக் கரையில் ஓர் அறிவியற் கருவூலம்

குடகு மலையில் பிறக்கும் காவிரி தமிழ் மண்ணில் அடியெடுத்து வைக்கும் இடம் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. பாறையில் மோதிச் சிதறும் நீர்த்திவலைகள் புகையெனத் தோன்றுவதால் அமைந்த பெயர் இது. இங்கே கற்களைப் பிளந்துகொண்டு ஆர்ப்பரிக்கும் ஆறு, மேட்டூரில் அணைக்குள் அடங்கி, திருச்சிராப்பள்ளியைக் கடந்து, தஞ்சைச் சமவெளியில் பல கிளைகளாகப் பிரிந்து வயல்களுக்குள் புகுகின்றது. ஆற்றின் தலைவாயிலில் வாழ்வோர் தஞ்சையின் நெல்லை அறிவர். இராசராசன் எடுத்த பெரிய கோயிலை அறிவர். அவ்வூர் அரண்மனையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அறிவியற் கருவிகளும் உடற்கூற்று மாதிரியும் சேர்த்து வைக்கப்பட்டிருந்ததை அறிந்தோர் சிலரே. அத்தொகுப்பைச் சேர்த்தவர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி.

அரசிழந்த அரசர்

1777-இல் பிறந்த சரபோஜியை மன்னர் துளஜாஜி 1787-இல் மகவேற்பு செய்துகொண்டார். துளஜாஜியின் மறைவுக்குப் பின் அமரசிம்மன் அரியணை ஏறியதால், இளவரசரின் பாதுகாப்பும் கல்வியும் செருமானியப் பாதிரியார் சுவார்ட்சின் பொறுப்பாயின. சுவார்ட்சு செருமனியின் ஹாலே நகரில் பயின்று, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். ஹாலேயில் பிராங்கே நிறுவிய கல்விச் சாலைகளில் இயற்கைப் பொருள்களும் அரும்பொருள்களும் மாணாக்கர் கண்டு கற்பதற்கென ஒரு காட்சிக் கூடத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. தரங்கம்பாடிப் பாதிரிமார் அனுப்பிய தமிழ்நாட்டுப் பொருள்களும் அக்கூடத்தில் இடம்பெற்றன. பொருளைக் கண்ணாற் கண்டு கற்க வேண்டும் என்னும் அக்கல்வி மரபின் நிழல் சரபோஜியின் மீதும் படிந்தது எனலாம்.

1798-இல் சரபோஜி அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே, 1799 உடன்படிக்கையின்படி, நாட்டின் ஆட்சி கும்பினியாரிடம் சென்றது. கோட்டையும் அரண்மனையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே அரசருக்கு எஞ்சின. படை நடத்தவும் வரி தண்டவும் இயலாத அவர், தம் பொழுதையும் பொருளையும் கல்வியிற் செலுத்தினார். நாயக்கர் காலத்தில் தோன்றிய அரண்மனை நூலகத்தை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பிய நூல்களால் வளப்படுத்தினார். இன்று சரசுவதி மகால் என அறியப்படுவது அதுவே.

தந்தத்தில் ஓர் உடல்

கல்கத்தாப் பேராயர் ஹீபர் 1826 மார்ச்சுத் திங்களில் தஞ்சைக்கு வந்து அரசரைக் கண்டார். லவாசியே, லின்னேயசு, பூஃபோன் முதலிய ஐரோப்பிய அறிஞர்களைப் பற்றி அரசர் தடையின்றி உரையாடியது அவரை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வருகையின்போது அங்கே காணப்பட்ட பொருள்களும் குறித்து வைக்கப்பட்டன. காற்றகற்றும் பொறி, மின்னாக்கும் பொறி, வானியற் கருவிகள், தந்தத்தால் ஆன எலும்புக்கூடு ஆகியவை அவை.

காற்றகற்றும் பொறி, கண்ணாடிக் கலத்தினுள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. அக்கலத்துள் மணியொன்றை வைத்து அடித்தால் காற்றுக் குறையக் குறைய ஓசை தேயும். மின்னாக்கும் பொறியில் சுழலும் கண்ணாடி தோல்மெத்தையில் உராய்ந்து மின்னூட்டம் பெறும். அக்காலத்து ஐரோப்பிய மருத்துவர் சிலர் வாத நோய்க்கும் அதனைப் பயன்படுத்தினர். இவையிரண்டும் அன்றைய ஐரோப்பிய அறிவியற் கூடங்கள் பலவற்றில் காணப்பட்டவை. தஞ்சைத் தொகுப்புக்குத் தனித்தன்மை தருவது தந்த எலும்புக்கூடே.

மனித உடலின் அமைப்பைக் கற்பிக்கும் மாதிரிகள் ஐரோப்பாவிலும் அக்காலத்தில் பெருகி வந்தன. இத்தாலியின் பிளாரன்சு நகரில் 1775-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் மெழுகால் செய்த உடலுறுப்புகள் வைக்கப்பட்டன. அவற்றைப் போன்றனவற்றைப் பேரரசர் இரண்டாம் ஜோசப்பு வியன்னாவிலும் படைமருத்துவர் கல்விக்காக வருவித்தார். பிணம் விரைவில் அழுகும் என்பதும், அறுத்தாய்வுக்கு உடல்கள் போதிய அளவிற் கிடைக்கவில்லை என்பதும் அங்கே மாதிரிகளை வேண்டச் செய்த காரணங்கள்.

தஞ்சையில் தடை வேறு வகையினது. பிணத்தைத் தீண்டுவதும் மனித எலும்பை அரண்மனைக்குள் வைப்பதும் அரசருக்குரிய ஆசாரத்துக்கு ஒவ்வாதவை. ஆசாரத்தை மீறவும் அவர் விரும்பவில்லை. உடற்கூற்றறிவைக் கைவிடவும் விரும்பவில்லை. இரண்டுக்கும் இடையே அவர் கண்ட வழி தந்தம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா மனித உடலை அறுத்தாய்ந்தது 1836-இல். சென்னையில் மருத்துவப் பள்ளி தோன்றியது 1835-இல். அவ்விரண்டுக்கும் முன்னரே, 1832-இல், சரபோஜி மறைந்துவிட்டார் என்பதை எண்ணிப் பார்த்தால் அம்மாதிரியின் அருமை விளங்கும்.

அது வெறும் காட்சிப் பொருளன்று என்பதற்கு அவருடைய தன்வந்திரி மகாலே சான்று. அங்கே மருந்துகள் ஆராயப்பட்டன. நோயாளருக்கு மருத்துவம் செய்யப்பட்டது. கண் நோயாளரின் நிலை படங்களோடு பதிவு செய்யப்பட்டது. தேர்ந்த மருத்துவ முறைகளைப் புலவர்கள் தமிழ்ச் செய்யுளாக யாத்தனர். அவை 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்னும் பெயரால் பின்னர் அச்சேறின. ஐரோப்பியக் கருவியும் தமிழ்ச் செய்யுளும் ஒரே வளாகத்தில் வாழ்ந்தன. பின்னாளில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலை அவர் 'அங்காதிபாதம்' என்று வழங்கினார். பாதாதிகேசம் பாடிப் பழகிய மொழிக்கு அச்சொல் அயலாகத் தோன்றாது.

அளந்த கருவிகள்

இதே காலத்தில் வேறு சில கருவிகள் தமிழகத்தின் மலைகளில் ஏறிக்கொண்டிருந்தன. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கும்பினியாரின் கைக்கு வந்ததும், அலெக்சாந்தர் ரீடும் தாமசு மன்றோவும் இன்றைய தருமபுரி வட்டாரத்து நிலங்களை அளந்து வரி வகுத்தனர். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து பெரும் நில அளவையைத் தொடங்கினார். அவருடைய முக்கோண வலை பெங்களூரை அடைந்து, அங்கிருந்து 78 பாகைத் தீர்க்கக் கோட்டை ஒட்டித் தெற்கே இறங்கியது. ஒகேனக்கல் அக்கோட்டிலிருந்து மிகத் தொலைவில் இல்லை.

லாம்டன் கையாண்ட பெரிய தியோடலைட்டு ஏறத்தாழ அரை டன் எடையுடையது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். அறிவியற் கருவி என்று அறிந்ததும் அந்நாட்டு ஆளுநர் பாராட்டுரையோடு அதனைத் திருப்பி அனுப்பினார். போரில் தப்பிய அக்கருவி 1808-இல் தஞ்சையில் தப்பவில்லை. பெரிய கோயிற் கோபுரத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது, வட்டம் நெளிந்தது. லாம்டன் தம் கூடாரத்தில் ஆறு வாரம் இருந்து அதனைத் தாமே செப்பனிட்டார்.

ஒரே ஊரில், ஒரே காலத்தில், கருவிகள் இருவேறு பணிகளில் ஈடுபட்டிருந்தன. நாட்டைப் பெற்றவர்கள் நாட்டை அளக்கக் கருவி கொண்டனர். நாட்டை இழந்தவர் உடலையும் வானையும் இயற்கையையும் அறியக் கருவி சேர்த்தார்.

காத்தவையும் காவாதவையும்

லாம்டனின் தியோடலைட்டு இந்திய நில அளவைத் துறையால் தேராதூனில் காக்கப்பட்டு வருகின்றது. வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அலுவலர் 1786-இல் சென்னை எழும்பூரில் தம் இல்லத்தில் வான்நோக்குக் கூடம் அமைத்தார். அவருடைய கருவிகள் பின்னர் கும்பினியாரிடம் சேர்ந்து, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வகத்துக்குச் சென்றன. 1899-இல் அப்பணி கொடைக்கானலுக்கு மாறியது. பெட்ரியின் ஷெல்டன் கடிகாரம் இன்றும் கொடைக்கானலில் உள்ளது. நுங்கம்பாக்கத்தில் கருவியைத் தாங்கிய கருங்கற்றூண் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் கல்வெட்டோடு நிற்கின்றது.

இவற்றுக்கு வாய்த்த நற்பேறு ஒன்றே. ஆள் மாறினாலும் அலுவலகம் மாறவில்லை. கருவியை ஏற்றுக்கொள்ள அடுத்தவர் ஒருவர் இருந்தார். சரபோஜியின் தொகுப்போ ஒருவரின் ஆர்வத்தைச் சார்ந்து நின்றது. அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்ததும் அரசுரிமை முடிந்தது. அரண்மனைச் சொத்துகள் வழக்கிற் சிக்கின. நூல்களுக்கு மட்டும் ஒரு நிறுவனம் கிடைத்தது. 1918-இல் சரசுவதி மகால் பொது நூலகமாயிற்று. ஆதலால் சரபோஜியை நூல் சேர்த்த அரசராக நாடு நினைவிற் கொண்டது. கருவி சேர்த்த அரசராக நினைவிற் கொள்ளவில்லை. பொருள் காக்கப்படாவிடில் அப்பொருளைத் தேடிய மனமும் வரலாற்றிலிருந்து மறைந்துவிடுகின்றது.

நிறைவுரை

இவ்வுண்மை அரண்மனைகளுக்கு மட்டும் உரியதன்று. நெடுங்காலம் நடந்துவரும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பித்தளைத் தராசும், பழைய நுண்ணோக்கியும், காகிதக் கூழில் செய்த இதய மாதிரியும் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கக்கூடும். புதியவை வந்ததும் பழையவற்றைக் கழிவுப் பொருளாக எண்ணுதல் இயல்பே. எடைக்குப் போடுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. செய்தவர் பெயர், ஊர், வாங்கிய ஆண்டு, பயன்படுத்திய வகுப்பு ஆகியவற்றை ஓர் ஏட்டில் எழுதுதல் வேண்டும். புளியிட்டுத் தேய்த்து மெருகேற்றுதல் தவிர்க்கத்தக்கது. மேற்பூச்சோடு செய்தவர் பெயரும் தேய்ந்துவிடும். இயன்றால் அருங்காட்சியகத்துக்கு வழங்கலாம்; இயலாவிடில் அறிவிப்பட்டையோடு பள்ளியிலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம்.

தமிழ் மக்கள் ஓலைச்சுவடியின் அருமையை உணர்வதற்குள் ஆற்றுப்பெருக்குக்கும் கரையானுக்கும் இரையானவை பல. எஞ்சியவற்றைத் தேடி உ.வே.சாமிநாதையர் போன்றோர் ஊர் ஊராக நடந்தனர். அறிவியற் கருவியும் ஒரு சுவடியே. அதன் அளவுகோலிலும் திருகிலும் ஒரு காலத்தின் அறிவு எழுதப்பட்டிருக்கின்றது. அதனைத் தேடி நடப்போர் இன்னும் மிகுதியாகத் தோன்ற வேண்டும்.