தேத்தண்ணீரோடு வந்த முதலுதவி

மட்டக்களப்பு அமிர்தகழியில் நடுச்சாமத்தில் ஒரு வீட்டில் யாராவது மனம் உடைந்து கத்தி அழுதால், முதலில் ஓடிவருவது பக்கத்து வளவு மாமிதான். அம்புலன்ஸ் பிறகு. மாமி செய்கிற வேலைக்கு இன்று பயிற்சி உண்டு, கையேடு உண்டு, 'உளவியல் முதலுதவி' என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயர் இந்த வாவிக்கரைக்கு வந்த வழி நெடியது.

1930-களில் அம்ஸ்டர்டாம் நகரசபைக்குப் பணமுடை. மனநோய் வைத்தியசாலைச் செலவைக் குறைத்தாக வேண்டும். ஆரி கெரிடோ என்ற வைத்தியர் நோயாளியைக் கூப்பிடாமல் தானே வீடுதேடிப் போனார். வாசற்படியில் நின்று பார்த்தால் பலரை அனுமதிக்கவே தேவையில்லை என்று தெரிந்தது. சிக்கனத்துக்காகத் தொடங்கியது ஒரு புதிய சேவையாகிவிட்டது.

அடுத்த தற்செயல் இலண்டனில். 1953 நவம்பரில் சாட் வாரா என்ற போதகர், சாக நினைப்பவர்களுக்காகத் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசி வைத்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுக்கச் சில தொண்டர்கள் நின்றார்கள். கோப்பையை வாங்கியவர்கள் அவர்களிடமே மனம் விட்டுப் பேசி, போதகரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பினார்கள். சில மாதங்களில் வாரா, வருபவர்களுக்குக் காதுகொடுக்கும் பொறுப்பை அந்தத் தொண்டர்களிடம் விட்டுவிட்டார். இந்த நெடுங்கதையில் என் மனம் தங்கும் இடம் அதுதான். 'சமாரிட்டன்ஸ்' என்ற அந்த அமைப்பின் வழியில் 1974-இல் ஜோன் டி மெல் கொழும்பில் 'சுமித்ரயோ'வைத் தொடங்கினார். சிங்களத்தில் 'நல்ல நண்பர்கள்'.

பிரதி எடுத்ததெல்லாம் பலிக்கவில்லை. 1983-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் தீயணைப்பு வீரர் போன்றோருக்கென ஒரு முறை வகுத்தார்: கோரத்தைக் கண்டவர்களை உட்காரவைத்து, கண்டதை விலாவாரியாகச் சொல்லவைப்பது. அவர்களுக்குத் தைத்த சட்டையை ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டார்கள். ஒரே அமர்வில் இப்படிக் கிளறுவதால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும் உண்டு என்று பிறகு ஆய்வுகள் காட்டின.

மட்டக்களப்புக்குத் தன் வழி இருந்தது. 1990-களில், போர் நடுவே, மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் இங்குள்ள அம்மன் கோயில்களில் கண்டதை எழுதினார். காணாமல்போன மகனைத் தேடும் தாய், தெய்வமாடுபவரிடம் வாக்குக் கேட்பாள். ஆடுபவர் அந்த வலியைத் தன் உடம்பில் ஏற்றுப் பேசுவார். வெளியே வாய் திறக்கப் பயந்த காலம் அது.

2004 டிசம்பர் 26 பேரலை நாவலடியையும் கல்லடியையும் அழித்துப்போட்டது. ஆலோசகர்கள் உலகெங்குமிருந்து வந்திறங்கினார்கள். அந்தப் பழைய 'கிளறும்' முறையும் சிலருடைய பெட்டியில் வந்தது. இங்கோ மனநல வைத்தியர் மகேசன் கணேசன் போன்றோர் முன்பே ஊரோடு சேர்ந்து சேவை வளர்த்திருந்தார்கள். உள்ளூர் உளசமூகப் பணியாளர்கள் ஒன்றுகூடி 'மங்குரோவ்' என்ற வலையமைப்பை உருவாக்கினார்கள். மங்குரோவ் என்றால் வாவிக்கரையைப் பிடித்து நிற்கும் கண்டல். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆனந்த கலப்பத்தி 2008-இல் மக்சேசே விருது பெற்றார்.

2011-இல் உலக சுகாதார நிறுவனம் உளவியல் முதலுதவிக் கையேடு வெளியிட்டது. கூட்டாளிகளில் ஒன்று நெதர்லாந்து அமைப்பு. 1602-இல் ஒல்லாந்தக் கப்பல் வந்து நின்ற கரைக்கு, இம்முறை அந்தக் கையேட்டில் வந்தது மூன்று சொல்: பார், கேள், இணை. பேச வற்புறுத்தாதே என்றும் அதில் உண்டு. பக்கத்தில் இரு, தண்ணீர் கொடு, சொந்தக்காரரைத் தேடிக்கொடு.

மாமிக்குக் கைமீறிப் போனால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இரவு பகலாகத் திறந்திருக்கிறது.