படிக்கத்தக்க படி: ஏட்டுச்சுவடியிலிருந்து வீட்டுக் கணினி வரை

தமிழில் 'படி' என்னும் சொல் பல பொருள் தருவது. அரிசி அளக்கும் படியையும் மாடிப் படியையும் விட்டுவிடுவோம். மூலத்தைப் பார்த்து எழுதிய நகலும் படி. 'வாசி' என்னும் ஏவலும் படி. ஓலையில் எழுதிய காலத்தில் இவ்விரண்டும் ஒரே செயலாக இருந்தன. எழுதுபவர் மூலத்தைப் படித்தாலன்றி அதற்குப் படி எடுக்க இயலாது. கணினி வந்தபின் இரண்டும் பிரிந்தன. யாரும் ஒருமுறையேனும் திறந்து பாராத கோப்புக்கு இன்று ஆயிரம் படிகள் எடுக்கலாம். இப்பிரிவினால் நேர்ந்ததைப் பேரா மாநிலத் தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக் கணினியை முன்வைத்து இவ்வுரையில் காண்போம்.

முதலில் ஏட்டின் வரலாறு. வெப்பமும் ஈரமும் கலந்த தட்பவெப்பத்தில் பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதி, பழைய ஏட்டை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது எந்த ஓர் ஓலையின் உறுதியாலும் அன்று. தலைமுறைதோறும் பெயர்த்தெழுதியோர் கைகளால் வந்தது. பிற்காலத்தில் பெயர்த்தெழுதும் வழக்கம் தளர்ந்தது. ஆற்றில் விடும் வழக்கம் மட்டும் தளரவில்லை. அந்நிலையில்தான் சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் ஏடு தேடிப் புறப்பட்டனர். 1887-இல் சீவக சிந்தாமணியை ஐயர் அச்சிட்டபோது பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். ஒன்றில் சிதைந்த இடத்தை மற்றொன்று காட்டிற்று. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் படி இருந்த நூல்கள் பிழைத்தன. ஒற்றைப் படியாக அங்கு மட்டுமே இருந்தவை மீளவில்லை.

பேராவில் நாம் இழக்கக்கூடியவை காப்பியங்கள் அல்ல, தாள்கள். அவற்றின் மதிப்பை உணரச் சற்றே பின்னோக்க வேண்டும். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிருவாகிகள் கொல்லப்பட்டனர்; அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டில் பன்னிரண்டு அகவைக்கு மேற்பட்ட யாவரும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று. 1957-இல் விடுதலை வந்தபோது குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வாய்ப்பிருந்தும், எழுத்தறியாத தோட்டப் பாட்டாளிகள் பலர் அதன் இன்றியமையாமையை உணரவில்லை. 1969-இல், முந்தைய ஆண்டின் சட்டப்படி, குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாள அட்டையோடு பால்மரம் வெட்டிய பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். ஒரு பிறப்புப் பத்திரம் இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைத் தீர்மானித்த வரலாறு இது.

அத்தாள்களுக்குச் சான்று கூறிய தோட்டங்களும் இன்று இல்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. எஞ்சியவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பின்னர்ப் பல வீடமைப்புப் பகுதிகளாயின. கிராணியார் எழுதிய செக்ரோல் தோட்ட அலுவலகத்தின் உடைமை, குடும்பத்தினுடையதன்று. குடும்பத்திடம் இருந்தது தகரப் பெட்டி ஒன்றே: பிறப்புப் பத்திரம், கப்பல் பயணச் சீட்டு, கோயில் திருவிழா அறிக்கை, தோட்டப் பள்ளியின் வாசலில் எடுத்த நிழற்படம். அப்பெட்டியை ஈப்போவில் குடியேறிய பேரப்பிள்ளைகள் வருடியில் வைத்துக் கணினியில் ஏற்றினர். மறைந்த தோட்டத்தின் ஆவணக் காப்பகம் இன்று ஒரு வரவேற்பறை மேசைமேல் இருக்கிறது. அதனுள் சுழலும் வன்தட்டு எந்நாளிலும் முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும்.

படங்களின் நிலை ஒருவாறு எளிது. எழுத்தின் நிலையே சிக்கலானது. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கியபின் தமிழ் வீட்டுக் கணினிக்குள் வந்தது. அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைத் தன்போக்கில் அமர்த்திக்கொண்டது. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் கூடிய மாநாடுகள் பொதுத்தரம் தேடின. டிஸ்கி, டாம், டாப் எனத் தரங்களே பலவாயின. யூனிகோடில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பின்பே வீட்டுக் கணினியில் அது புழங்கத் தொடங்கிற்று. ஆகவே அந்தப் பதினைந்து ஆண்டுகளில் தட்டெழுதிய கோயில் குடமுழுக்கு மலரும், பாட்டனார் சொல்லப் பெயரன் எழுதிய தன்வரலாறும், 1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்வட்டில் இருந்து குறுந்தகட்டுக்கும் அங்கிருந்து புதிய வன்தட்டுக்கும் பழுதின்றிப் படியெடுக்கப்பட்டிருக்கலாம். இன்று திறந்தால் திரையில் வருவது தலையில் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளின் குவியல். ஒரு துகளும் குறையாத படி. ஆனால் படிக்க முடியாத படி.

இதனை மாற்றி எழுதும் நிரல்கள் உள்ளன. எனினும் மூலக்கோப்பு எத்தரத்தில் எழுதப்பட்டது என்று நாம் அறிந்திருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும் போதாது. பழைய முறையில் 'கெ' என்பது தாளில் எழுதுவதுபோலக் கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமிக்கப்பட்டது. யூனிகோடில் ககரம் முன், கொம்பு பின். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை டிஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியது. ஏடு பெயர்த்தெழுதுதலின் கணினிக்கால வடிவம் என்று அதனை நாம் கருதுகிறோம்.

எத்தனை படி வேண்டும் என்பதற்குப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரப்பிய விதி ஒன்றுண்டு: மூன்று படிகள், இருவகைச் சாதனங்களில், ஒன்று வேறிடத்தில். இது நம் மாநிலத்தின் ரப்பருக்கும் பொருந்துவதைக் காண வியப்பாகிறது. இலண்டன் கியூ பூங்கா 1876-இல் சிங்கப்பூருக்கு அனுப்பிய முதல் தொகுதிக் கன்றுகள் பட்டுப்போயின. 1877-இல் மீண்டும் வந்த 22 கன்றுகள் பிழைத்தன. அவற்றையும் ஓரிடத்தில் வைக்கவில்லை. ஒன்பது கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன.

வேறிடம் என்பது அதே மேசையின் இழுப்பறை ஆகாது. ஈப்போ வீட்டுக் கோப்புக்குச் சித்தியவானிலோ தெலுக் இந்தானிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு வன்தட்டு இருக்கட்டும். இணைய முகில் சேமிப்பும் நன்றே. ஆயினும் இரு கணினிகளைத் தானே ஒத்திசைக்கும் சேவையைப் படி என மயங்கலாகாது. ஒன்றில் தவறி அழித்தது மற்றொன்றிலும் அழியும். நம் ஈரக்காற்றில் குறுந்தகடு பூஞ்சை பிடிப்பதையும் பார்த்திருக்கிறோம். நிழற்படக் கோப்புகளின் பெயர் வெறும் எண்ணாக இருப்பின், தோட்டத்தின் பெயர், ஆண்டு, நிற்பவர் பெயர் ஆகியவற்றைச் சொல்லத் தெரிந்த பாட்டி உள்ளபோதே எழுதிவைக்க வேண்டும், யூனிகோடுத் தமிழில்.

மாற்றிய கோப்பைச் சரிபார்க்க மாணவர் இருவர் போதும். ஒருவர் பழைய அச்சுத்தாளை வைத்து உரக்கப் படிக்க, மற்றவர் வேறொரு கணினியில் புதிய படியைத் திறந்து வரிவரியாக ஒப்பிடலாம். ஐயரின் வீட்டிலும் ஒருவர் ஏட்டைப் படிக்க மற்றவர் கையெழுத்துப் படியோடு ஒப்புநோக்கியே வேலை நடந்தது.