சட்டம் கடன்கொண்ட சொற்கள்

ஆங்கிலச் சட்டம் இலங்கையிலே தமிழ்ச் சொற்கள் சிலவற்றை எடுத்தாண்டது என்றால் நம்மிற் பலர் பெருமைப்படக் கூடும். எவை அச்சொற்கள் என்று பார்த்தபின் அப்பெருமை நிலைக்குமா?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் உழைத்த எம்மவரையும் ஆண்டது 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ‘இந்தியக் கூலிகள்’ எனப் பொதுவாக அறியப்படுவோராய், தோட்டப் பதிவேட்டில் பெயர் உள்ள தொழிலாளியும் கங்காணியும் அதன்படி தொழிலாளர். நம் பேச்சுவழக்கின் ‘துலுக்கன்’ கூட உருத்திரிந்து அவ்வரைவிலக்கணத்தில் ஏறியது, தோட்டத்து முஸ்லிம்களைக் குறிக்க.

கூலி என்பதன் பிறப்பில் அறிஞர் ஒருமனப்படவில்லை. குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரே மூலம் என்பர் ஒருசாரார். தமிழ்க் கூலியே என்பர் மற்றொருசாரார். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் ஆராய்கிறது. இரண்டும் கலந்தன என்பதே எமக்குப் பொருத்தமாகப் படுகிறது. எப்படியாயினும், தமிழிலே கூலி என்பது உழைப்பின் பயன், ஆளின் பெயரன்று. ஆள்வினையுடைமை பாடிய வள்ளுவர் முயற்சி தரும் பயனை அச்சொல்லாலேயே குறித்தார். உழைத்தவனுக்குக் கொடுக்க வேண்டியதன் பெயரை உழைத்தவனுக்கே சூட்டிவிட்டு, கொடுக்க வேண்டியதைக் குறைத்துக்கொண்டார்கள்!

இவற்றினும் கொடியது ‘துண்டு’. இத்தனை ரூபா கடனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசித் துண்டுதான் அது. கங்காணி அதை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோவான். புதிய துரை பணம் கட்டுவார். ஆட்கள் இடம் மாறுவர். கடனும் கூடவே போகும், பெரும்பாலும் பெருத்தே போகும். சந்தையில் மாடு கைமாறுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அறிவித்தலின்றி வேலையை விட்டாலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைக்குரிய குற்றம். ஆகவே கடன்பட்டவனுக்குத் துண்டு ஒன்றே வாசல். அவ்வாசலின் திறப்போ கங்காணியின் மடியில்.

1921இல் சட்டம் துண்டைத் தடைசெய்தது. கூலி என்ற பெயர் அவ்வளவு எளிதிற் போகவில்லை. தொழிற்சங்கங்கள் எழுந்து, ‘தொழிலாளி’ என்று எம்மவர் தம்மைத் தாமே அழைக்கத் தொடங்கிய பின்னரே அது பின்வாங்கியது.

பதிவேட்டுப் பெயரின் கதை வேறு. ஒருநாள் வேலை தோட்ட வழக்கில் ஒரு ‘பேர்’. பதிவேட்டிலே பெயர் உள்ளவனே தொழிலாளி என்ற வரைவிலக்கணத்தை எம் மாணவரின் தாய்மார் படித்ததில்லை. கொழுந்தின் நிறை குறைந்த மாலையிலே, “இன்றைக்கு அரைப்பேர்தான்” என்று சொல்லிக்கொண்டு லயத்துக்குத் திரும்புகிறார்கள்.